உறையோடு சேர்த்து வையுங்கள்

உலகத் தபால்தலை சேர்க்கத் தொடங்கும் பலரும் முதலில் வாங்குவது ஒரு பாக்கெட். நூறு நாடு, இருநூறு தலை என்று மேலே எழுதியிருக்கும். பிரித்தால் விண்வெளி வீரர்களும் ஒலிம்பிக் ஓட்டக்காரர்களும் ஐரோப்பிய ஓவியங்களும் பளபளவென்று கொட்டும். அவற்றில் கணிசமானவை 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் அஜ்மான், ஃபுஜைரா, உம் அல் குவைன் போன்ற வளைகுடாக் குறுநாடுகளின் பெயரில் வெளியானவை. அஜ்மானின் ஆளுகையில் இருந்த மனாமா என்ற சிற்றூருக்குக்கூட 1966லிருந்து தனித் தபால்தலைகள் வந்தன. அத்தனை தலைகளையும் ஒட்டி அனுப்புமளவுக்கு அந்த ஊரில் கடிதப் போக்குவரத்து கிடையாது. வெளிநாட்டு முகவர்கள் அச்சிட்டார்கள்; பலவற்றில் முன்கூட்டியே முத்திரையும் குத்தினார்கள்; சேகரிப்பாளர்களுக்கென்றே உலகமெங்கும் விற்றார்கள். பூட்டான் 1970களில் கிராமபோன் தட்டு வடிவத்திலேயே தபால்தலை வெளியிட்டது. ஊசி வைத்தால் பாடும். அழகான பொருள்தான். ஆனால் இந்தப் பாக்கெட்டிலிருந்து அஜ்மானைப் பற்றி ஒருவர் தெரிந்துகொள்ளக்கூடியது மிகமிகக் குறைவு. அதில் பெரும்பகுதி அஜ்மானையே பார்த்ததில்லை.

இதற்கு எதிரில் இன்னொரு பொருளை வைத்துப் பார்க்கலாம். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ பேரணாம்பட்டிலோ உள்ள ஒரு தோல் மண்டியின் பெயருக்கு, ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் லண்டனிலிருந்தோ ஹாம்பர்க்கிலிருந்தோ வந்த, ஓரம் மடங்கிய, அழுக்கேறிய ஓர் உறை. அதன் மேலிருக்கும் தலை எந்தக் காட்டலாக்கிலும் மிகக் குறைந்த விலைக்குரியது. அந்தத் தலையைக் கத்தரித்து, தண்ணீரில் ஊறவைத்து, உரித்துக் காயவைத்து ஆல்பத்தில் ஒட்டிவிட்டு உறையைக் குப்பையில் போடுவதுதான் நம் வீடுகளில் காலங்காலமாக நடந்துவரும் பழக்கம். நான் சொல்ல வந்தது இதுதான்: அந்தப் பழக்கத்தில் தவறான பாதி சேமிக்கப்படுகிறது, சரியான பாதி தொலைகிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் உள்ளவர்கள் உலகத் தபால்தலை சேர்க்க வேண்டுமென்றால் உலகத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. உலகம் இந்த ஊர்களுக்கு நூற்றாண்டுக்கும் மேலாகக் கடிதம் எழுதியிருக்கிறது. அந்தக் கடிதங்களை உறையோடு, முத்திரையோடு, முகவரியோடு முழுசாகக் காப்பாற்றுவதே இங்கே செய்யத் தகுந்த சேகரிப்பு.

பாலாற்றங்கரையில் உருவான தோல் தொழில் ஆரம்பத்திலிருந்தே கடல் தாண்டிய தொழில். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட இலேசான மாட்டுத் தோல் 'ஈஸ்ட் இந்தியா கிப்' என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் ஏலத்துக்குப் போனது. இடையில் சென்னைப் பெரியமேட்டுத் தரகு மண்டிகள் இருந்தன. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸுகளின் மேல்தோலுக்கு இந்தத் தோல் பெருமளவில் கொள்முதல் செய்யப்பட்டது. இந்த இ.ஐ. லெதருக்கு இன்று புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. 1970களில் அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியை நிறுத்தி, பதனிட்டு முடித்த தோலையும் ஷூவையும் நோக்கித் தொழிலைத் தள்ளியபோது, வாங்குபவர்களும் மாறினார்கள். சோவியத் யூனியனும் கிழக்கு ஐரோப்பாவும் ரூபாய்க் கணக்கில் வாங்கின. 1991ல் அந்தச் சந்தை உடைந்தது. மேற்கு ஜெர்மனி 1989 இறுதியில் பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைத் தடுப்பு ரசாயனத்தைத் தடை செய்தபோது, தோல் கெடாமலிருக்க அதைப் பயன்படுத்திவந்த தமிழ்நாட்டுத் தோல் தொழில் சில ஆண்டுகளுக்குள் மாற்று ரசாயனத்துக்கு மாற வேண்டியதாயிற்று. இத்தனை திருப்பங்களும் முதலில் இங்கே வந்து சேர்ந்தது கடிதமாக, தந்தியாக, மாதிரித் தோல் கட்டிய பார்சலாக. ஏற்றுமதிப் புள்ளிவிவரம் அந்த ஆண்டு எவ்வளவு டன் போனது என்று சொல்லும். யார், எந்த ஊரிலிருந்து, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை எழுதினார்கள், எப்போது எழுதுவதை நிறுத்தினார்கள் என்பது உறைக் கட்டில்தான் இருக்கும்.

உறை எப்படிப் பேசும் என்று கேட்பவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் கடிதம் அல்லவா ஆவணம் என்பார்கள். கடிதம் ஆவணம்தான், ஆனால் உறைக்கும் அதற்கே உரிய சாட்சியம் இருக்கிறது. எந்த ஊரில் எந்தத் தேதியில் தபாலில் சேர்த்தார்கள், எந்தத் தேதியில் இங்கே வந்தது என்பதை இரண்டு முத்திரைகளும் சொல்லிவிடும். கப்பல் தபால் வானூர்தித் தபாலாக மாறிய காலத்தை அந்த இடைவெளியிலேயே அளக்கலாம். இரண்டாம் உலகப் போர்க்கால உறை என்றால் தணிக்கை அதிகாரி ஓரத்தை வெட்டிப் பிரித்துப் படித்துவிட்டு மேலே ஒட்டிய சீட்டு இருக்கும். நிறுவனத்தின் அச்சிட்ட உறைகளிலும் கடிதத் தலைப்புகளிலும் தந்தி முகவரியும், தந்திச் செலவைக் குறைக்க எந்தச் சங்கேதப் புத்தகத்தைப் பயன்படுத்தினார்கள் என்பதும் காணப்படும். சோவியத் தலைகளின்மேல் புதுப் பெயரை அச்சடித்து 1992ல் உக்ரைன் அனுப்பிய தபால், ஜெர்மனியும் இத்தாலியும் யூரோ வருவதற்கு முன் பழைய நாணயத்தையும் யூரோவையும் சேர்த்து அச்சிட்ட தலைகள், கிழக்கு ஜெர்மனியின் பெயரில் வந்த கடைசித் தலைகள் எல்லாம் தனித்தனியாக ஆல்பத்தில் இருந்தால் வெறும் வரலாற்றுப் பாடம். ஒரே கம்பெனியின் முகவரிக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்த உறைகளில் இருந்தால், வாணியம்பாடியில் ஒருவர் பொழுது விடிந்ததும் எதைப் பிரித்துப் படித்தார் என்பதே தெரிந்துவிடுகிறது.

இதில் சேகரிப்பாளர்கள் தவறவிடும் ஒரு முக்கியமான இனம் உண்டு. வியாபாரத் தபாலில் பெரும்பகுதிக்குத் தபால்தலையே ஒட்டியிருக்காது. ஃபிராங்கிங் மெஷினில் சிவப்பு மையில் தொகையையும் தேதியையும் குத்தி அனுப்பியிருப்பார்கள். தலை வெட்டுகிறவர் கண்ணுக்கு அது வெற்று உறை. முதலில் குப்பைக்குப் போவது அதுதான். ஆனால் அந்தச் சிவப்பு முத்திரையில்தான் அனுப்பிய நிறுவனத்தின் பெயரோ சின்னமோ விளம்பர வாசகமோ ஊரோடு சேர்ந்து இருக்கும். ஷூவுக்குப் பெயர்போன இங்கிலாந்தின் நார்தாம்ப்டன், ஜெர்மனியின் பிர்மாசென்ஸ், தோல் பதனிடுவதில் பெயர்பெற்ற இத்தாலியின் சாந்தா குரோச்சே ஆகிய ஊர்களுக்கும் ஆம்பூருக்கும் இடையே என்ன உறவு இருந்தது, எந்தப் பத்தாண்டில் எது கை ஓங்கியது என்று ஒரு ஆய்வாளர் கேட்டால், பதில் அந்தத் தலையில்லாத உறைகளில் இருக்கும். பதில் கிடைக்காத இன்னொரு கேள்வியும் எனக்கு உண்டு. தோல் பதனிட ஆவாரம் பட்டையோடு தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டையும் இங்கே பயன்பட்டுவந்தது. தென்னாப்பிரிக்காவின் இனவெறிச் சட்டங்களை எதிர்த்து 1946ல் இந்தியா அந்நாட்டோடு வர்த்தகத்தையே முறித்துக்கொண்டது. அடுத்த மாதம் இங்குள்ள தொட்டிகளுக்குப் பட்டை எங்கிருந்து வந்தது, யாருக்கு முதலில் கிடைத்தது, யார் கடையை மூடினார்கள்? டில்லியில் எடுத்த ஒரு நியாயமான முடிவின் செலவைப் பாலாற்றங்கரையில் யார் ஏற்றார்கள் என்பதற்கு அந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் தபால் கட்டு ஒன்று போதும்.

தோலால் பெயர் பெறாத ஊர்களும் இந்தக் கணக்கில் சேரும். கலவையை எடுத்துக்கொள்ளலாம். ஆற்காட்டுக்குத் தெற்கே உள்ள இவ்வூர், 1907ல் காஞ்சி மடத்தின் 68ஆம் பீடாதிபதி பட்டம் ஏற்ற இடமாகப் பலருக்கும் தெரியும். இந்த ஊர் முகவரிக்கு வந்த உறைகளை ஆண்டுவாரியாக அடுக்கினால், மாவட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே வருவதைக் காணலாம்: வட ஆற்காடு, 1989க்குப் பின் வட ஆற்காடு அம்பேத்கர், பிறகு வேலூர், 2019க்குப் பின் ராணிப்பேட்டை. 1972 ஆகஸ்ட் 15ல் பின்கோடு வந்தது. கலவைக்கு 632506, ஆம்பூருக்கு 635802. ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலேயே அஞ்சல் துறை ஆம்பூரையும் வாணியம்பாடியையும் திருப்பத்தூரோடு 635ல் வைத்திருந்தது. வருவாய்த் துறை ஏறக்குறைய அதே எல்லைக் கோட்டை 2019ல்தான் போட்டது. இன்றும் வேலூர் மாவட்டத்தில் உள்ள பேரணாம்பட்டுக்கு 635810தான். தவிர, தபால் முத்திரை சேகரிப்பில் பெரிய நகரத்து முத்திரையைவிடச் சிற்றூர்க் கிளை அலுவலகத்தின் முத்திரையே அரிது, சென்னை ஜி.பி.ஓ. முத்திரை லட்சக்கணக்கில் கிடைக்கும், கலவை போன்ற ஊரில் 1930களில் குத்திய தெளிவான முத்திரைக்கு அலைய வேண்டும். அந்த முத்திரை உறையில் இருந்தால் ஊரின் பெயரும் தேதியும் முழுசாக இருக்கும். தலையை வெட்டினால் வட்டத்தில் கால்வாசிதான் மிஞ்சும்.

இந்த வட்டாரத்தின் கடிதங்கள் ஒருபோதும் காப்பாற்றப்படவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு சாராரின் கடிதங்கள் மிக நன்றாகக் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. 1853ல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷனின் கடிதங்களும், வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையை உருவாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடரின் குடும்பத்துத் தாள்களும் அமெரிக்க ஆவணக் காப்பகங்களில் ஒழுங்காக அடுக்கிக் கிடக்கின்றன. 'டாக்டர் ஐடா, இந்தியா' என்று மட்டும் எழுதி அனுப்பிய கடிதம் அவரிடம் வந்து சேர்ந்தது என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. விளைவு என்னவென்றால், நூறு ஆண்டுக்கு முந்தைய வேலூரைப் பற்றி எழுத உட்காரும் எவருக்கும் மிஷனரியின் கண்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. அதே காலத்தில் அதே ரயிலில் தபால் அனுப்பிய ஆம்பூர், வாணியம்பாடி வியாபாரியின் கண்கள் கிடைப்பதில்லை. அவர் மிஷனரியைவிடக் குறைவாக எழுதியவர் அல்லர். 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. 1879ல் கால் அணா தபால் கார்டு வந்தது. விலை நிலவரம் கேட்கவும் சொல்லவும் வியாபாரிக்கு இதைவிட மலிவான வழி வேறில்லை. அவர் கடிதங்களைப் பாதுகாக்க அமெரிக்காவில் ஒரு காப்பகம் இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

படத் தபால் கார்டுகளிலும் இதே கதை. சென்னையில் ஹிக்கின்பாதம்ஸும் வீல் அண்ட் கிளைன் ஸ்டுடியோவும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட கார்டுகளைத் தேடுபவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். சென்னை, பெங்களூர்க் கார்டுகளை வைத்துக் காலனிய நகர வரலாற்றையே சொல்லும் கண்காட்சி 2018ல் லண்டன் சோவாஸ் கல்லூரியில் நடந்தது. சந்தையிலோ படத்துக்குத்தான் விலை. வேலூர்க் கோட்டையும் அகழியும் தெரிந்தால் வாங்குவார்கள். பின்பக்கம் ஒருவர் என்ன எழுதினார், யாருக்கு எழுதினார் என்று பலர் திருப்பிப் பார்ப்பதே இல்லை. கோட்டை அங்கேயே இருக்கிறது, நாளைக்கும் போய்ப் பார்க்கலாம். பின்பக்கத்து மூன்று வரிக்கு மறுபிரதி கிடையாது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு பணம் சார்ந்தது: தலைக்குத்தானே விலை, அழுக்கு உறைக்கு யார் கொடுப்பார்கள்? சந்தையே இதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக் கிட்டத்தட்ட 6.8 கோடி அச்சிடப்பட்டது. இன்றும் நடுத்தர வருமானக்காரர் ஒன்று வாங்கிவிடலாம். அது அதிகாரபூர்வமாகச் செல்லுபடியான நாள் 1840 மே 6. அதற்கு நான்கு நாள் முன்னதாக, மே 2ஆம் தேதி முத்திரையோடு பெட்லிங்டன் என்ற ஊரின் இரும்பாலை மேலாளருக்குப் போன ஒரு கடித உறையை 2024ல் நியூயார்க் சோத்பீஸ் ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது மதிப்பீடு 15 லட்சம் முதல் 25 லட்சம் டாலர். தலை எல்லோரிடமும் இருப்பது. விலை அந்த உறைக்கும் தேதிக்கும். ஆனாலும் பண வாதத்தை நான் அதிகம் நம்ப விரும்பவில்லை. தபால்தலை முதலீடு என்ற பெயரில் ஸ்பெயினில் அஃபின்சா, ஃபோரம் ஃபிலாடெலிகோ என்ற இரு நிறுவனங்கள் லட்சக்கணக்கானவர்களின் சேமிப்பைத் திரட்டின. 2006 மே மாதம் அரசு தலையிட்டபோது, தலைகளின் விலை ஏட்டில் மட்டுமே ஏறியிருந்தது தெரிந்தது. பிரித்தானிய கயானாவின் 1856ஆம் ஆண்டு ஒரு சென்ட் தலைகூட 2014ல் 95 லட்சம் டாலருக்கு விற்று, 2021ல் 83 லட்சத்துக்கு இறங்கியது. பேரப்பிள்ளைக்குப் பணம் சேர்க்க வேறு வழிகள் இருக்கின்றன.

தலையே கலைப்பொருள், குழந்தைகள் நாட்டுப் பெயரும் தலைவர் முகமும் கற்பது அதில்தான் என்பது அடுத்த வாதம். மறுக்கவில்லை. வேலூர்ப் புரட்சியின் 200ஆம் ஆண்டில் 2006ல் அஞ்சல் துறை வெளியிட்ட தலையும், சி.எம்.சி.க்காக 2000ல் வந்த தலையும், வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணனுக்கு 1967ல் வந்த தலையும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளிடம் இருக்க வேண்டியவை. சென்னை அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தின் தபால்தலைப் பிரிவில் புதிய வெளியீடுகளை வாங்கலாம். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்காக 2017ல் தொடங்கிய ஸ்பர்ஷ் திட்டத்தில் தபால்தலை ஆர்வத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. புதுத் தலையை வாங்கட்டும், தாராளமாக வாங்கட்டும். வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய உறையில் மட்டும் கத்தரியை வைக்க வேண்டாம் என்பதே கோரிக்கை.

கனமான மறுப்பு தொழில்காரர்களிடமிருந்து வருவது. உறைக்குள் விலை இருக்கும், கடன் இருக்கும், பங்காளித் தகராறு இருக்கும். தோல் கழிவால் பாலாறு கெட்டதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற வழக்குச் சுமையும் இருக்கும். வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பின் பழைய காகிதத்தை வெளியே காட்ட யாருக்கு மனம் வரும்? இந்த அச்சம் புரிகிறது. ஆனால் வழி இருக்கிறது. உள்ளே இருப்பதை எடுத்துவைத்துக்கொண்டு உறையை மட்டும் கொடுக்கலாம். முப்பது நாற்பது ஆண்டுகள் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு காப்பகத்தில் வைக்கலாம். உலகெங்கும் குடும்ப ஆவணங்கள் அப்படித்தான் வைக்கப்படுகின்றன. மேலும், காகிதத்தை அழித்தால் தொழிலுக்கு நன்மை என்பதும் சரியல்ல. அழிந்தபின் மிஞ்சுவது நீதிமன்ற ஆவணம் மட்டுமே. எந்த ரசாயனத்தை எந்த நாட்டு வாங்குபவர் வற்புறுத்தினார், எந்த விலைக்கு எந்தத் தரம் கேட்டார் என்பதற்கு ஆதாரம் இல்லாமல், பொறுப்பு முழுவதும் ஆற்றங்கரையிலேயே நின்றுவிடும்.

இவை எல்லாம் முதலாளி வீட்டுத் தபால்தானே, சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர்களும் ஷூ கம்பெனியில் தையல் போட்ட பெண்களும் எந்த உறையில் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அவர்களின் வரலாற்றை வேறு இடங்களில், பேச்சிலும் தொழிற்சங்கத் தாள்களிலும் தேடத்தான் வேண்டும். எனினும் அவர்கள் வீடுகளிலும் காகிதம் உண்டு: மணியார்டர் ரசீதின் சிறு துண்டு, வளைகுடாவிலிருந்து வந்த ஏரோகிராம், ஊருக்குப் போட்ட கார்டு. கம்பெனி உறையைவிட அவை வேகமாக அழிகின்றன. சேகரிப்பாளர் இந்த வீடுகளின் கதவையும் தட்டினால்தான் அவர் சேகரிப்பு நேர்மையானது.

குப்பை என்று மற்றவர்கள் எறிந்ததைச் சேர்த்தவர்களுக்குத் தமிழிலேயே முன்மாதிரி இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா புத்தகங்களோடு திருமண அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீஸ்களையும் திரட்டினார். அவர் 1992ல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்க, 1994ல் சென்னையில் நூலகம் உருவானது. இன்று தமிழாய்வாளர்கள் அது இல்லாமல் வேலை செய்வது கடினம். தோல் வட்டாரத்தில் இதற்கு இடமில்லாமல் போகவில்லை. வாணியம்பாடி இஸ்லாமியா, ஆம்பூர் மழ்ஹருல் உலூம், வேலூர் ஊரிஸ் ஆகிய கல்லூரிகள் இருக்கின்றன. சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948லிருந்து இருக்கிறது. தென்னிந்திய தபால்தலைச் சேகரிப்பாளர் சங்கம் 1956லிருந்து செயல்படுகிறது. முத்திரையையும் உறையையும் முறையாக வகைப்படுத்தத் தெரிந்தவர்கள் அங்கே உண்டு.

அவசரம் ஏன் என்றால், இந்தக் கட்டில் இனிப் புதிதாக எதுவும் சேரப்போவதில்லை. 1624லிருந்து தபால் நடத்திவந்த டென்மார்க் 2025 இறுதியோடு அரசுத் தபால் நிறுவனத்தின் கடித விநியோகத்தை முடித்துக்கொண்டது. இங்கே 2025ல் ரிஜிஸ்டர் தபால் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது. கொள்முதல் ஆர்டர் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிறது. பழைய மண்டிகள் இடிந்து கட்டடங்களாகின்றன, பாகம் பிரியும்போது காகிதம் எடைக்குப் போகிறது. கையில் ஒரு கட்டு கிடைத்தவர் லேமினேட் செய்ய வேண்டாம், செலோடேப் ஒட்ட வேண்டாம். கரையானும் ஈரமும் எட்டாத உயரத்தில், அமிலமில்லாத தாள் உறையில் வைத்தால் போதும். முன்பிருந்த வரிசையைக் கலைக்காமல், எந்த ஊரில் எந்தக் கிடங்கில் எந்த ஆண்டு எடுத்தது என்று ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள். பேனா மை கசியும்.